ஆர்லோவின் ஏறுபடிகள்

அக்டோபரில் நாங்கள் காட்டுக் குடிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது மழை விட்டிருந்தது. ஒரு வருடமாகப் பூட்டிக் கிடந்த இடம். கதவைத் திறந்ததும் எலி நாற்றமும் பழைய அடுப்புக் கரி வாடையும் முகத்தில் அடித்தன. என் அண்ணன் கஸ் தொப்பியைக்கூடக் கழற்றாமல் நேரே சவுனா அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார். ஊர் பற்றி எரிந்தாலும் அவருக்கு முதலில் அந்த ஆவிக் குளியல் அறை சூடாக வேண்டும்.

"மார்லி, எலிங்க நம்ம படுக்கையில குடும்பமே நடத்திட்டுப் போயிருக்குதுங்க," என்று உள்ளேயிருந்து கத்தினார். "இருந்தாலும் உன் புருஷனவிட சுத்தமாத்தான் வெச்சிருந்திருக்குதுங்க."

நான் சிரித்துவிட்டேன். நான் சிரித்து நெடுநாளாகியிருந்தது. அந்தச் சிரிப்பு அடங்கும் முன்னே வண்டியின் பின்பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. உலோகத்தோடு உலோகம் இடிக்கும் சத்தம்.

டிங்.

திரும்பிப் பார்த்தேன்.

என் கணவர் வெர்னர் தார்ப்பாய்க்கு அடியிலிருந்து எதையோ எடுத்து முதுகில் மாட்டிக்கொண்டிருந்தார். எங்கள் மகன் ஆர்லோவின் ஏறுபடிகள். வீட்டுக் கொட்டகையில் என் கண்ணில் படாத மூலைக்குத் தள்ளி, மேலே பழைய போர்வையைப் போட்டு வைத்திருந்தேன். எனக்குத் தெரியாமல் எப்போது வண்டியில் ஏற்றினார் என்று தெரியவில்லை.

எங்கள் பக்கத்தில் வில்லோடு மான் வேட்டைக்குப் போகிறவர்கள் பலரிடம் இது இருக்கும். கை நீளத்துக்கு ஓர் அலுமினியக் குழாய். அதன் இரண்டு பக்கமும் கால் வைக்கக் கொம்புகள். மரத்தோடு சேர்த்துக் கட்ட ஒரு வார். ஒரு படியைக் கட்டி, அதில் ஏறி நின்று, அதற்கு மேல் அடுத்ததைக் கட்டி, அப்படியே மேலே போவார்கள். மேலே போனதும் இடுப்பில் மாட்டிய துணிச் சேணத்தைக் கயிற்றால் மரத்தில் பிணைத்து, காலுக்கு ஒரு சின்னப் பலகையைப் பொருத்தி, தூளியில் சாய்ந்த மாதிரி தொங்கிக்கொண்டு மானுக்காகக் காத்திருப்பார்கள். மணிக்கணக்காக, குளிரில், மூச்சுவிடாமல். பைத்தியக்காரத்தனம் என்று நான் அன்றைக்கே சொன்னேன். என் பேச்சை யார் கேட்டார்கள்?

போன நவம்பரில் ஆர்லோ இறங்கும்போது விழுந்தான். இருபத்தேழு வயது. மேலே தொங்குகிற கயிற்றைக் கழற்றி, இறங்குவதற்கான இடுப்புக் கயிற்றை மாட்ட வேண்டும். அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு மூச்சு நேரம், மனிதன் எதிலும் கட்டப்படாமல் நிற்பான். அந்த மூச்சு நேரத்தில்தான் அவன் காலைக் கீழே இறக்கிப் படியைத் தேடியிருக்கிறான். படி இருந்தது. ஆனால் அதில் கால் நிற்கவில்லை.

படியின் கொம்புகளில் துணி நாடா சுற்றியிருந்தது. ஹாக்கி மட்டைக்குச் சுற்றுவார்களே, அந்த நாடா. வெறும் உலோகத்தில் பூட்ஸ் பட்டால் எழும் சத்தத்துக்கே மான் ஓடிவிடும் என்று இங்கே எல்லோரும் சுற்றுவார்கள். அன்று பகல் முழுக்க ஈரப்பனி பெய்து, மாலையில் உறைந்தது. துணி ஈரத்தைக் குடித்துக் கண்ணாடியாகியிருந்தது. அந்த நாடாவை முந்தின நாள் சமையல் மேசையில் உட்கார்ந்து, சுருக்கமில்லாமல், அவ்வளவு பிரியமாகச் சுற்றியவர் வெர்னர்.

இப்போது பார்த்தேன், நாடா இல்லை. கத்தியால் சுரண்டி எடுத்திருந்தார். அதனால்தான் அந்தச் சத்தம்.

"இத எதுக்குக் கொண்டாந்தீங்க?" என்றேன்.

"சும்மாதான்."

"சும்மா யாராவது இந்தக் கனத்தத் தூக்கிட்டு வருவாங்களா?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "ஒரே ஒரு தடவ அந்த மரத்துல ஏறிப் பாத்துட்டு வந்துடறேன் மார்லி. அவன் கடைசியா எதப் பாத்துக்கிட்டு இருந்தான்னு பாக்கணும். அவ்வளவுதான்."

நான் எலி கடித்த போர்வைகளை உதறப் போய்விட்டேன்.

அன்று பொழுது சாய்ந்து நன்றாக இருட்டிய பிறகுதான் வெர்னர் திரும்பினார். தோளில் படிகள் இல்லை. பொதுக்காட்டில் எதையும் இரவில் மரத்தில் விட்டுவரக் கூடாது என்பது இங்கே சட்டம். அதில் என் கணவரைப் போலக் கறாரான ஆளை நீங்கள் பார்க்க முடியாது. மற்றவர்கள் விட்டுப் போனதைக் கண்டால் அவர்கள் வீடு தேடிப் போய்ச் சண்டை போட்டவர்.

கஸ் அண்ணன் அதைக் கவனித்தார். "என்ன மாப்ள, படியெல்லாம் மானுக்கு வாடகைக்கு விட்டுட்டியா?"

வெர்னர் மேசை முன்னால் உட்கார்ந்தார். இறைச்சியும் கிழங்கும் வைத்து நான் சுட்டிருந்த பாஸ்டி ஒன்றை முழுதாகத் தின்றார். பிறகு இன்னொன்றை எடுத்தார். ஒரு வருடமாகப் பறவை மாதிரி கொறித்துக்கொண்டிருந்த மனிதர். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. சொல்லப்போனால், தட்டைக் கழுவும்போது மனதுக்குள் கடவுளுக்கு நன்றிகூடச் சொன்னேன்.

அப்போது பின்னாலிருந்து அவர் சொன்னார்.

"அவன் அங்கதான் இருக்கான் மார்லி."

தட்டைத் தொட்டித் தண்ணீரிலேயே விட்டுவிட்டுத் திரும்பினேன்.

"வெளிச்சம் போற நேரத்துல சத்தம் வந்துச்சு. எனக்கு மேல. பட்டையில கால் உரசற சத்தம். படி எங்கன்னு தேடறான். இப்படி…" என்று உள்ளங்கையை மேசை மேல் வைத்து மெதுவாகத் தேய்த்துக் காட்டினார். ஒரு தேய்ப்பு. நிறுத்தம். மறுபடி ஒரு தேய்ப்பு. "அன்னிலேருந்து தேடிக்கிட்டே இருக்கான். நாமதான் மறுநாளே படியெல்லாம் கழட்டிட்டு வந்துட்டமே. எப்படி எறங்குவான்?"

"அணில் ஏதாவது இருக்கும் மாப்ள," என்றார் கஸ் அண்ணன். அவர் குரலில் கிண்டல் இல்லை.

"அணிலுக்கு எதுக்குய்யா படி?"

அடுப்பில் விறகு வெடித்தது. எனக்கு வெர்னர் மேல் கோபம் கோபமாக வந்தது. மகனைப் புதைத்துவிட்டு வந்தவள் நானும்தான். என் துக்கத்தை நான் வாயை மூடிக்கொண்டு சுமக்கவில்லையா?

மறுநாளும் போனார். அதற்கு அடுத்த நாளும். வில்லை எடுத்துப் போகவில்லை. மூன்றாம் முறை கிளம்பும்போது சுவரில் தொங்கிய தன்னுடைய பழைய படிகளையும், கேட்காமலே கஸ் அண்ணனுடைய படிகளையும் சேர்த்து அடுக்கி முதுகில் கட்டிக்கொண்டார். அத்தனை கனத்தால் முன்னால் குனிந்து, சேற்றில் கால் புதையப் புதைய நடந்து போனார். அறுபதைத் தாண்டிய மனிதர், ஒரு முழங்கால் சரியில்லாதவர்.

"அவ்வளவு படி எதுக்குங்க?" என்று வாசலிலிருந்து கேட்டேன்.

"எட்ட மாட்டேங்குது," என்றார் திரும்பாமலே. "நான் ஒரு படி ஏறினா அந்தச் சத்தம் இன்னொரு படி மேல போயிடுது."

அன்று மாலை நான் பின்னாலேயே போனேன்.

சதுப்பு நிலத்து ஓரத்தில் தேவதாருக்கள் நெருக்கமாக நிற்கும். அவற்றைத் தாண்டினால் தனியாக ஒரு பெரிய மேப்பிள் மரம். ஆர்லோ விழுந்தது அதிலிருந்துதான். இலைகள் பாதி உதிர்ந்து தரையெல்லாம் ஈரச் சிவப்பு. அழுகிய இலை வாசமும் சேற்று வாசமும் தொண்டையில் ஒட்டிக்கொண்டன. ஏரிப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்த காற்று, மரத்தை நெருங்கியபோது நின்றுபோனது.

மரத்தின் முதுகெலும்பைப் போல ஏறுபடிகள் மேலே மேலே போயின. மற்ற வேட்டைக்காரர்கள் நிறுத்துகிற உயரத்தையெல்லாம் தாண்டிப் போயின. அண்ணாந்து பார்க்கக் கழுத்து வலித்தது. கிளைகளுக்கு நடுவில் வெர்னர் ஒரு கறுப்பு மூட்டையாகத் தொங்கிக்கொண்டிருந்தார்.

கூப்பிட வாயெடுத்தேன். அதற்குள் வெளிச்சம் ஒரு படி இறங்கியது.

உரசல்.

அவர் இருந்த இடத்திலிருந்து வரவில்லை. அதற்கும் மேலே, அடிமரம் இரண்டாகப் பிரியும் கவட்டைக்கு அப்பால்.

நிறுத்தம்.

மறுபடி உரசல்.

அவசரமில்லாத சத்தம். இருட்டில் மாடிப்படி தேடுகிற காலின் சத்தம். கீழே துழாவி, ஒன்றும் கிடைக்காமல், மேலே போய், மறுபடி துழாவுகிற சத்தம். அணிலின் கால் அப்படித் தயங்காது.

பிறகு என் கணவரின் குரல் கேட்டது. கிசுகிசுப்பாக, குழந்தையைத் தூங்க வைக்கிற குரலில்.

"இடது கால எறக்குடா. இன்னும் கொஞ்சம். பயப்படாத, நாடாவெல்லாம் எடுத்துட்டேன். வழுக்காது. அப்பா கட்டியிருக்கேன். இன்னும் கொஞ்சம் கீழ… அங்கதான்டா கண்ணு, அங்கதான்."

உரசல் நின்றது. மேலே யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்பது போன்ற ஓர் அமைதி. இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். எனக்குப் பயமாக இருந்தது, உண்மைதான். ஆனால் பயத்தைவிடப் பெரியதாக ஒன்று நெஞ்சை அடைத்தது. ஓடிப்போய் அந்த மரத்தைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அப்பாவுக்கு மட்டும்தான் சத்தம் கொடுப்பாயா என்று கேட்க வேண்டும் போலிருந்தது.

அதற்குள் சத்தம் மறுபடி ஆரம்பித்துவிட்டது. ஒரு படி மேலே.

வெர்னர் இறங்கி வர வெகுநேரம் ஆயிற்று. என்னைக் கண்டதும் அவர் ஆச்சரியப்படவில்லை.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

குழந்தை மாதிரி என் தோளில் முகத்தை வைத்து அழுதார். அழுதுகொண்டே திட்டம் சொன்னார். கவட்டைக்கு மேலே போக வேண்டுமாம். கிளை குறுக்கே நிற்பதால் இடுப்புக் கயிற்றைக் கழற்றாமல் தாண்ட முடியாதாம். "கழட்டி மாட்ட ஒரு மூச்சு நேரம்தான் மார்லி. அந்தப் பக்கம் போய்ட்டா அவன் கைய நான் புடிச்சுடுவேன்."

அந்த மூச்சு நேரம் என்னவென்று எனக்குத் தெரியாதா?

குடிலுக்கு வந்ததும் கஸ் அண்ணனைச் சவுனாவுக்குப் பின்னால் இழுத்துப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நம்பினாரா என்று தெரியாது. நம்பாததாகவும் காட்டிக்கொள்ளவில்லை.

"அவர விட்டா செத்துடுவாருண்ணே. பையனும் போயி இவரும் போனா நான் என்ன பண்ணுவேன், சொல்லு."

"அழாத. ஒரு வேலை செய்யலாம்," என்றார். "அந்தச் சேணத்தையும் கயித்தையும் ஒளிச்சு வெச்சுடறேன். கட்டிக்க ஒண்ணும் இல்லாம எந்த வேட்டைக்காரனும் மரம் ஏற மாட்டான். அது எங்களுக்கு ரத்தத்துல ஊறினது. காலையில மூட்ட கட்டி ஊருக்குக் கெளம்பிடுவோம்."

எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. சேணத்தையும் கயிற்றையும் விறகுக் குவியலுக்கு அடியில் ஒளித்து வைத்தோம்.

மறுநாள் வண்டி கிளம்பவில்லை. இரவு ஈரத்தில் ஏதோ கெட்டுப்போயிருந்தது. கஸ் அண்ணன் எஞ்சினுக்குள் தலையை விட்டு உலகத்தில் உள்ள கெட்ட வார்த்தையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். வெர்னர் சாப்பாட்டைத் தொடாமல் ஜன்னலோரமாகவே உட்கார்ந்திருந்தார். சேணத்தைத் தேடவில்லை, கேட்கவும் இல்லை. அடங்கிவிட்டார் என்று நினைத்தேன். பிற்பகலில் மழை ஊசியாகப் பெய்து, கீழே விழுந்ததும் உறைய ஆரம்பித்தது. நான் பெட்டியைக் கட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது நாற்காலி காலியாக இருந்தது.

கயிறு இல்லாமல் ஏற மாட்டார் என்று நம்பியிருந்தோம். எங்கள் கையாலேயே அவருடைய கயிற்றைப் பிடுங்கி அவரை மரத்துக்கு அனுப்பியிருந்தோம்.

ஓடினேன். கஸ் அண்ணன் இடுப்பு வலியோடு பின்னால் நொண்டிக்கொண்டு வந்தார். கிளைகளெல்லாம் பனிக்கட்டி பூசிக்கொண்டு, தொட்டால் கண்ணாடி உடைவது போல உடைந்தன. இரண்டு முறை விழுந்தேன். வழியெல்லாம் என் காது ஒரே ஒரு சத்தத்துக்காகக் காத்திருந்தது. கனமான ஒன்று தரையில் விழும் சத்தம்.

மேப்பிளை அடைந்தபோது வெளிச்சம் கொஞ்சம் மிச்சமிருந்தது.

வெர்னர் கீழேதான் இருந்தார்.

மரத்தடியில் நின்று இரண்டு கைகளையும் உயர்த்தி, எம்பி எம்பிக் குதித்துக்கொண்டிருந்தார். பட்டையைப் பிறாண்டியதில் விரல் நுனிகளெல்லாம் ரத்தம். ஒவ்வொரு முறையும் கை எட்டாமல் சறுக்கி விழுந்தார், எழுந்தார், மறுபடி குதித்தார்.

"யோவ்! நிறுத்துய்யா!" என்று கத்திக்கொண்டே போய் அவர் இடுப்பைக் கட்டிப் பிடித்தேன்.

"அடிப்படியக் காணோம் மார்லி," என்றார் மூச்சிரைக்க. "நேத்து இங்கதான் கட்டியிருந்தேன். நீதான பாத்த. அதுக்கு மேல இருந்ததும் இல்ல."

உண்மைதான். நேற்று என் முழங்கால் உயரத்தில் தொடங்கிய படிகள், இன்று எட்டாத உயரத்தில் தொடங்கின. கீழே வார் அழுத்திய தடம் மட்டும் பட்டையில் வளையமாகத் தெரிந்தது. தரையில் எதுவும் விழுந்து கிடக்கவில்லை.

கஸ் அண்ணன் வந்து சேர்ந்தார். "வனக்காவலர் வந்து கழட்டிட்டுப் போயிருப்பாரு மாப்ள. சட்டப்படி…"

டிங்.

மூவரும் அண்ணாந்து பார்த்தோம்.

எங்கள் தலைக்கு மேலே மிச்சமிருந்த படிகளில் எல்லாவற்றுக்கும் கீழே இருந்த படியின் வார் தளர்ந்தது. தானாக. பனிக்கட்டி பொடியாக உதிர்ந்து என் முகத்தில் விழுந்தது. படி மரத்தை விட்டு விலகியது.

கீழே விழவில்லை.

மெதுவாக, ஆடி ஆடி, மேலே போனது. அரை இருட்டில் கிளைகளுக்குள் நுழைந்து மறைந்தது. சற்று நேரம் கழித்து அங்கே, கவட்டைக்கு அப்பால், உலோகத்தின் மேல் உலோகத்தை அடுக்கி வைக்கும் சத்தம்.

டிங்.

அடுத்த படியின் வார் தளர்ந்தது.

"இயேசுவே," என்றார் கஸ் அண்ணன். தொப்பியைக் கழற்றிவிட்டார். அவர் எதற்கும் தொப்பியைக் கழற்றாத ஆள்.

பொதுக்காட்டில் ஏறுகிறவர்களில் சிலருக்கு ஒரு பழக்கம் உண்டு. ஏறி முடித்ததும் அடியில் இருக்கும் படியைக் கழற்றிக் கயிற்றில் மேலே இழுத்துக்கொள்வார்கள். தனக்குப் பின்னால் அந்த மரத்தில் வேறு யாரும் ஏறி வரக்கூடாது என்பதற்காக. இறங்குகிறவன் மேல் படியிலிருந்து கழற்றிக்கொண்டு வருவான். கீழேயிருந்து கழற்றுகிறவன் இறங்கப் போவதில்லை. வேட்டைக்குப் போகாத எனக்கே இது தெரியும். வெர்னருக்குத் தெரியாமல் இருக்குமா?

அவர் என் கைகளை விலக்கினார். சேற்றில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"என்ன வர வேணாங்கறான்," என்றார். "மார்லி, எம் புள்ள என்ன வர வேணாங்கறான்."

"ஆமா, வேணாங்கறான். கேட்டுக்கிட்டீங்களா? நான் சொன்னாத்தான் கேக்கல, அவன் சொல்றதையாவது கேளுங்க."

"நான்தான மார்லி அந்த நாடாவச் சுத்தினேன்."

"சுத்தினீங்க. அது அவனுக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் வேணாங்கறான்."

அடுத்த படியும் போனது. அதற்கடுத்ததும். நாங்கள் மூன்று பேரும் அந்த ஈர இலைகளின் மேல் உட்கார்ந்து, தாய் வீட்டை விட்டுப் போகிற வண்டியைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தோம். யாரும் ஓடவில்லை. ஏன் ஓடவில்லை என்று இப்போது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கடைசிப் படி கிளைகளுக்குள் மறைந்தபோது மேப்பிள் வெறும் மரமாக நின்றது.

நான் எழுந்து பட்டையில் கையை வைத்தேன். பனியில் உறைந்த அடிமரம்.

"ஆர்லோ," என்றேன். அவன் பெயரைச் சத்தமாகச் சொல்லி ஒரு வருடம் ஆகியிருந்தது. "அப்பாவ நான் கூட்டிட்டுப் போறேன்டா. இனிமே வர மாட்டாரு. நான் பாத்துக்கறேன்."

மேலே ஒரே ஒரு உரசல்.

அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

வெர்னரைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தோம். வழியில் ஒரு முறைகூட அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

நவம்பரில் இலையெல்லாம் கொட்டிய பிறகு கஸ் அண்ணன் பைனாகுலரோடு தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். மரத்தில் ஒரு படியும் இல்லை, பலகையும் இல்லை, வாரின் துண்டுகூட இல்லை என்றார். வார் இறுக்கிய தடங்கள் மட்டும் வளையம் வளையமாக மேலே போகின்றனவாம். கவட்டையைத் தாண்டி, பெரிய கிளைகளைத் தாண்டி, மரம் என் மணிக்கட்டு அளவுக்குச் சிறுத்துப் போகிற உச்சி வரைக்கும். ஒரு பூனையின் கனத்தைக்கூடத் தாங்காத இடம் அது.

"நீ வெர்னர்கிட்ட சொல்லிடாத," என்றார். நான் சொல்லவில்லை.

வெர்னர் தேறி வந்தார். சாப்பிட்டார், தூங்கினார், பக்கத்து வீட்டுக்காரரின் பனி வண்டியைப் பழுது பார்த்துக் கொடுத்தார். இரவில் சில சமயம் விழித்துக் கிடப்பார். அப்போது நானும் விழித்துத்தான் கிடப்பேன். இருவரும் தூங்குவது போலப் பாவனை செய்வோம்.

எனக்கு ஒரே ஒரு நினைப்புதான் மனதை அரித்தது. சேணத்தில் தொங்குகிறவர்களுக்கு எங்கே குளிரும் என்று கேட்டால், எல்லோரும் கால் என்பார்கள். அந்தச் சின்னப் பலகையில் அசையாமல் நிற்பதால் கால் விறைத்துவிடும். இங்கே டிசம்பர் குளிர் சாதாரணக் குளிர் இல்லை. கம்பளி நூல் வாங்கி வந்து ஒரு ஜோடி காலுறை பின்ன ஆரம்பித்தேன். யாருக்கு என்று வெர்னர் கேட்டார். சும்மா கைக்கு ஒரு வேலை என்றேன்.

பனி பாதையை மூடுவதற்கு முன் ஒரு நாள், கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு மேப்பிளிடம் போனேன். காலுறைகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருட்டி, வேருக்கு மேலே காய்ந்த இடமாகப் பார்த்து வைத்தேன். பேசுவதற்கு நிறைய யோசித்துக்கொண்டு போயிருந்தேன். அங்கே போனதும் எதுவும் வரவில்லை. "போட்டுக்கோ," என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த வாரம் போனபோது முழங்கால் அளவு பனி. என் காலடித் தடத்தைத் தவிர அந்த வெள்ளையில் எங்கேயும் ஒரு தடமும் இல்லை. முயல் தடம்கூட இல்லை.

நான் வைத்த காலுறைகள் இல்லை.

அதே வேரின் மேல், அதே மாதிரி சுருட்டி, வேறொரு ஜோடி இருந்தது. சாம்பல் நிறம். குதிகாலில் நான் சிவப்பு நூல் வைத்துத் தைத்த ஒட்டு. சவ அறையில், மற்றவர்களை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, நானே அவன் காலில் மாட்டிவிட்ட ஜோடி.

நனைந்து கனத்தது. பாதத்தில் களிமண் அப்பியிருந்தது. நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அங்கேயே வெகுநேரம் நின்றேன். மேலே அண்ணாந்து பார்க்க எனக்குத் துணிவில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்து மண் போகும்வரை துவைத்து, அடுப்புக்கு மேலே கொடியில் காயப் போட்டேன். வெர்னர் வெளியிலிருந்து விறகோடு வந்தார். கொடியைப் பார்த்தார். விறகை இறக்கி வைக்க மறந்து அப்படியே நின்றார்.

கொஞ்ச நேரம் கழித்து விறகை இறக்கிவிட்டு வந்து, மறுபக்கமும் காயட்டும் என்று அந்தக் காலுறைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டார்.